கை படாமல் நேர்ந்த காயத்துக்கு யார் பொறுப்பு? படிப்படியாகப் பார்ப்பது எப்படி

ஒருவர் சாலையோரம் காய்ந்த குப்பையைக் குவித்துத் தீ வைக்கிறார். காற்று பலமாக அடிக்கிற நேரம். பக்கத்தில் நின்றவர் "காத்து இப்படி அடிக்குது, இப்ப வேண்டாம்" என்று சொல்லியும் கேட்கவில்லை. புகை சாலைக்குக் குறுக்கே திரை போட்டது போல இறங்குகிறது. முன்னால் போன கார் வழி தெரியாமல் பிரேக் அடிக்கிறது, பின்னால் வந்த வேன் அதன்மேல் மோதாமல் இருக்க ஸ்டியரிங்கை ஒடிக்கிறது, நடைபாதையில் சும்மா நின்றுகொண்டிருந்த ஒருவரின் கால் முறிகிறது. தீ வைத்தவர் அவரைப் பார்த்ததுகூட இல்லை. வேன் ஓட்டுநர் "புகையில கண்ணே தெரியலை, நான் என்ன பண்ணுவேன்" என்கிறார். கார்க்காரர் நிற்காமல் போய்விட்டார். கால் உடைந்தவர் யாரிடம் போய்க் கேட்பது?

இந்த மாதிரிக் கேள்வியோடு வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசி எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. "யார் மேல் தப்பு?" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது, ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவதுதான் நடக்கும். சட்டம் இதை ஒரே கேள்வியாகக் கேட்பதே இல்லை. நடந்ததைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு தனிக் கேள்வி கேட்கிறது. அவற்றை எந்த வரிசையில், எப்படிக் கேட்பது என்பதைத்தான் எழுதப் போகிறேன். இங்கிலாந்தின் பொதுச் சட்ட மரபு போய்ச் சேர்ந்த இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, அமெரிக்கா எல்லா இடத்திலும் சட்டப் பிரிவு எண்கள் வேறு, தொகை வேறு, ஆனால் கேள்விகள் ஏறக்குறைய இவைதான்.

காயத்திலிருந்து பின்னோக்கி எழுதுங்கள்

முதலில் ஒரு தாளை எடுத்து, காயம்பட்ட ஆளிடமிருந்து தொடங்கிப் பின்னால் போங்கள். ஒரு வரிக்கு ஒரு சம்பவம், ஒரு ஆள். கால் முறிந்தது. அதற்கு முன் வேன் நடைபாதையில் ஏறியது. அதற்கு முன் வேன் ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பினார். அதற்கு முன் முன்னால் போன கார் திடீரென நின்றது. அதற்கு முன் புகை சாலையை மறைத்தது. அதற்கு முன் ஒருவர் தீ வைத்தார். அதற்கும் முன் ஒருவர் வேண்டாம் என்று சொன்னார்.

ஏன் பின்னோக்கி என்றால், தீ வைத்த இடத்திலிருந்து கதையைத் தொடங்கினால் கோபம் முந்திக்கொள்கிறது, அதற்குப் பிறகு நடந்த எல்லாமே அவர் கணக்கில் விழுந்துவிடுகிறது. பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு வரியிலும் "இது எதனால் வந்தது?" என்று நின்று கேட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக முடியும். வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் எந்த வரியைப் பிடித்து இழுக்கப் போகிறார் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் நேரம், தூரம், யார் பார்த்தது என்று மூன்றையும் குறியுங்கள். புகை சாலையில் எவ்வளவு நேரமாக இருந்தது, வேன் வரும்போது தூரத்திலிருந்தே தெரிந்ததா இல்லை அந்த நொடியில்தான் இறங்கியதா என்பது ஒரு சின்ன விவரம் போலத்தான் இருக்கும், ஆனால் பின்னால் இழப்பீட்டில் பாதி யார் தலையில் விழும் என்பதையே அது தீர்மானிக்கக்கூடும். யாராவது அந்த இடத்திலேயே ஏதாவது சொல்லியிருந்தால், உங்கள் வார்த்தையில் சுருக்காமல், அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள்.

அது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால்?

அடுத்தது எளிதான கேள்வி. தீ வைக்காமல் இருந்திருந்தால் இந்தக் கால் முறிந்திருக்குமா? முறிந்திருக்காது என்றால் முதல் வாசலைத் தாண்டிவிட்டோம். எப்படியும் முறிந்திருக்கும் என்றால், தீ வைத்தவர் எவ்வளவு மோசமாக நடந்திருந்தாலும் இந்தக் காயம் அவர் கணக்கில் சேராது.

இதை ஏற்பது பலருக்குக் கஷ்டமாக இருக்கும். 1960-களில் இங்கிலாந்தில் மூன்று இரவுக் காவலாளிகள் தேநீர் குடித்துவிட்டு வாந்தியோடு மருத்துவமனைக்குப் போனார்கள். பணியிலிருந்த மருத்துவர் வந்து பார்க்கக்கூட இல்லை, வீட்டுக்குப் போய் அவரவர் டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டார். ஒருவர் இறந்துபோனார். தேநீரில் ஆர்சனிக் கலந்திருந்தது. பார்க்காமல் அனுப்பியது கவனக்குறைவுதான் என்று நீதிமன்றம் சொன்னது, ஆனால் உடனே சேர்த்திருந்தாலும் விஷமுறிவு மருந்து வேலை செய்கிற நேரத்துக்குள் காப்பாற்றியிருக்க முடியாது என்று தெரிந்ததால் வழக்கு தோற்றது. தப்பு இருந்தது, மரணம் இருந்தது, இரண்டையும் கட்டுகிற கயிறு இல்லை.

இந்தக் கேள்வி சில நேரம் மாட்டிக்கொள்ளும். மூன்று பேர் காடை வேட்டைக்குப் போகிறார்கள், இரண்டு பேர் ஒரே நேரத்தில் மூன்றாமவர் நிற்கிற பக்கமாகச் சுடுகிறார்கள், ஒரு ரவை அவர் கண்ணில் பாய்கிறது. யார் துப்பாக்கியிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1948-ல் சம்மர்ஸ் எதிர் டைஸ் வழக்கில், இரண்டு பேருமே கவனமில்லாமல் சுட்டவர்கள்தான், ஆகவே "என் குண்டு இல்லை" என்று நிரூபிக்கிற சுமை அவர்கள்மேல்தான் என்றது. கண்ணில் அடிபட்டவர் நிரூபிக்க முடியாததை நிரூபிக்க வேண்டியதில்லை. உங்கள் விஷயத்திலும் இரண்டு பேர் தீ வைத்திருந்தால், இரண்டு வண்டிகள் போட்டி போட்டு ஓடியிருந்தால், ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து மற்றவரை விட்டுவிடாதீர்கள்.

நடுவில் வந்த கைகள்

இதுதான் எல்லோரும் சிக்குகிற இடம், ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம். "நான் தீதான் வைத்தேன், மோதியது வேன்" என்பதுதான் தீ வைத்தவரின் முதல் வாதமாக இருக்கும். நடுவில் இன்னொரு மனிதர் ஒரு காரியம் செய்திருக்கிறார், அது சங்கிலியை அறுத்துவிட்டது என்கிறார் அவர்.

இதற்குப் பதில் சொல்ல இருநூற்றைம்பது வருடப் பழைய வழக்கு ஒன்றுக்குத்தான் நான் எப்போதும் திரும்புவேன். 1770 அக்டோபரில், இங்கிலாந்தின் மில்போர்ன் போர்ட் என்ற ஊரில் சந்தை நாள். கூட்டம் நிறைந்த சந்தைக் கட்டிடத்துக்குள் ஷெப்பர்ட் என்பவர் கொளுத்திய வாணத்தைத் தூக்கி எறிகிறார். அது இஞ்சி ரொட்டி விற்கிற ஒருவரின் கடையில் வந்து விழுகிறது. பக்கத்தில் நின்ற வில்லிஸ், தனக்கும் சரக்குக்கும் ஆபத்து என்று அதை எடுத்து வீசுகிறார். அது ரயல் என்பவரின் கடையில் விழுகிறது. அவரும் அதையே செய்கிறார். மூன்றாவது தடவை பறந்த அந்த வாணம் ஸ்காட்டின் முகத்தில் பட்டு வெடித்து ஒரு கண்ணைப் பறித்துவிடுகிறது.

ஷெப்பர்ட் ஸ்காட்டை நோக்கி எறியவில்லை. கடைசியாக எறிந்தது ரயல். ஆனாலும் 1773-ல் நீதிமன்றம் ஷெப்பர்ட்தான் பொறுப்பு என்றது. தலைமை நீதிபதி டி கிரே சொன்ன காரணம் இன்றும் அப்படியே உதவும்: வில்லிஸும் ரயலும் சுதந்திரமாக முடிவெடுத்துச் செய்யவில்லை, தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயத்தில் செய்தார்கள். கையில் நெருப்பு விழுந்தால் உதறத்தான் செய்வோம், அந்த உதறல் உதறியவனுடையது இல்லை, நெருப்பைப் போட்டவனுடையது. (நீதிபதி பிளாக்ஸ்டோன் இதில் மாறுபட்டார். வழக்கை எந்த வகையில் தொடுத்திருக்க வேண்டும் என்பதில்தான் அவருடைய மறுப்பு இருந்தது.)

ஆகவே உங்கள் தாளில் ஒவ்வொரு வரியிலும் வருகிற ஆளைப் பார்த்துக் கேளுங்கள்: இவருக்கு யோசிக்க நேரம் இருந்ததா? விஷயம் தெரிந்து, வேண்டுமென்றே, யாரும் நெருக்காமல் செய்தாரா? இல்லை என்றால் சங்கிலி அறுபடவில்லை. ஆம் என்றால் பெரும்பாலும் அந்த இடத்தோடு முன்னவரின் பொறுப்பு நின்றுவிடும்.

காப்பாற்ற ஓடுகிறவர்களுக்கும் இதே நியாயம்தான். 1935-ல் ஹெய்ன்ஸ் எதிர் ஹார்வுட் வழக்கில், தெருவில் ஆளில்லாமல் விட்டுப்போன இரட்டைக் குதிரை வண்டி, ஒரு சிறுவன் கல்லெறிந்ததும் மிரண்டு ஓடியது. வழியில் இருந்த பெண்ணையும் குழந்தைகளையும் காப்பாற்ற ஒரு போலீஸ்காரர் குதிரைகளைப் பிடித்து நிறுத்திக் காயமடைந்தார். அவர் யோசித்துத்தான் பாய்ந்தார், இருந்தாலும் வண்டியை விட்டுப்போனவர்கள் பொறுப்பிலிருந்து தப்ப முடியவில்லை, ஏனென்றால் ஆபத்து இருக்கிற இடத்துக்கு உதவ யாராவது ஓடி வருவார்கள் என்பது யாருக்கும் தெரியும். கல்லெறிந்த சிறுவனும் சங்கிலியை அறுக்கவில்லை. குழந்தைகள் விளையாடுகிற தெருவில் குதிரையைத் தனியாக விட்டால் இப்படித்தான் நடக்கும்.

எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு வழக்கைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எல்லாமே எளிது என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு பேருந்து நிறுவனத்தின் சிற்றுந்து, பூட்டாமல், சாவியோடு, மணிக்கணக்கில் சாலையோரம் நின்றது. யாரோ திருடி ஓட்டிப் போய், சைக்கிளில் வந்த பெண்மணி மேல் ஏற்றிக் கொன்றுவிட்டார். 1993-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனம் பொறுப்பில்லை என்றது. திருடியது, தாறுமாறாக ஓட்டியது இரண்டும் வேறொருவர் தன் இஷ்டத்துக்குச் செய்த காரியம். எனக்கு இந்தத் தீர்ப்பு இன்னும் மனதுக்கு ஒட்டவில்லை, ஆனால் அதன் தர்க்கம் எங்கே நிற்கிறது என்று புரிந்துகொள்ளாமல் யாரும் வழக்குப் போடக்கூடாது. அதே நேரத்தில், எதிலிருந்து காக்க வேண்டியது உங்கள் வேலையோ அதுவே நடந்துவிட்டால் "செய்தது வேறு ஆள்" என்று ஒதுங்க முடியாது. சீர்திருத்தப் பள்ளிச் சிறுவர்களைக் காவல் காக்க வேண்டிய அதிகாரிகள் தூங்கிவிட, அவர்கள் தப்பிப்போய் ஒரு படகைச் சேதப்படுத்திய வழக்கில், 1970-ல் பிரபுக்கள் சபை (அப்போது இங்கிலாந்தின் மிக உயர்ந்த நீதிமன்றமும் அதுதான்) அந்த அதிகாரிகளுக்குப் படகுச் சொந்தக்காரர்களிடம் கடமை உண்டு என்றது.

சரி, நம் வேன் ஓட்டுநருக்கு வருவோம். புகை நொடியில் இறங்கி, முன்னால் கார் நின்று, அவர் அனிச்சையாகத் திருப்பியிருந்தால் அவர் வில்லிஸைப் போல. புகை தூரத்திலிருந்தே தெரிந்தும் வேகத்தைக் குறைக்காமல் உள்ளே நுழைந்திருந்தால் அவருக்கும் சொந்தமாக ஒரு தப்பு இருக்கிறது. ஆனால் அதனால் தீ வைத்தவர் விடுபடுவதில்லை, இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒரு காயத்துக்கு ஒரே ஒரு பொறுப்பாளிதான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. இருவரையும் வழக்கில் சேர்க்கலாம், யாருக்கு எத்தனை பங்கு என்று நீதிமன்றம் பிரிக்கும். மருத்துவமனையில் சிகிச்சை சரியில்லாமல் கால் இன்னும் மோசமானாலும், அந்தச் சிகிச்சை நினைத்தே பார்க்க முடியாத அளவுக்கு மோசமாக இருந்தாலொழிய, முதல் ஆளின் பொறுப்பு பொதுவாகத் தொடரும்.

எந்த மாதிரி ஆபத்து என்று முன்பே தெரிந்திருக்குமா?

காரணம் இருக்கிறது, சங்கிலியும் அறுபடவில்லை. இருந்தாலும் உலகத்தில் நடக்கிற எல்லா விளைவுக்கும் ஒருவரைக் கட்டிப்போட முடியாது என்பதால், இன்னொரு கேள்வி: சாதாரண அறிவுள்ள ஒருவர் அந்த இடத்தில் நின்றிருந்தால் இந்த வகை ஆபத்தை எதிர்பார்த்திருப்பாரா?

"வகை" என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நடந்த விதம் எதிர்பார்த்ததாக இருக்க வேண்டியதில்லை. எடின்பரோவில் தபால் துறை ஊழியர்கள் திறந்த தொலைபேசிக் கேபிள் குழிமேல் கூடாரம் போட்டு, சுற்றிலும் மண்ணெண்ணெய் விளக்குகளை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்கள். ஒரு எட்டு வயதுப் பையன் அங்கே விளையாடும்போது ஒரு விளக்கு குழிக்குள் விழ, உள்ளே வெடித்து, அவன் பயங்கரமாகத் தீக்காயம் பட்டான். விளக்கு விழுந்தால் ஆவி கிளம்பி வெடிக்கும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் விளக்கு இருக்கிற இடத்தில் குழந்தைக்குச் சூடு படலாம் என்பது யாருக்கும் தெரியும், அது போதும் என்று 1963-ல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நம் விஷயத்திலும் "வேன் ஏறும் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று தீ வைத்தவர் கேட்டால், வேன் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சாலையில் புகை போனால் வண்டி மோதி யாருக்காவது அடிபடும் என்பது தெரிந்தால் போதும்.

யாருக்கு ஆபத்து என்பதும் இதே கேள்விக்குள்தான் வருகிறது. 1924-ல் நியூயார்க்கில் ஒரு ரயில் நிலையம். நகரத் தொடங்கிவிட்ட ரயிலில் ஒருவர் தாவி ஏற, ஒரு ஊழியர் உள்ளிருந்து இழுக்கிறார், இன்னொருவர் பின்னாலிருந்து தள்ளுகிறார். செய்தித்தாளில் சுற்றியிருந்த அவருடைய பொட்டலம் தண்டவாளத்தில் விழுகிறது, உள்ளே இருந்தது பட்டாசு. வெடிக்கிறது. பிளாட்பாரத்தின் தள்ளியிருந்த கோடியில் ஒரு எடை பார்க்கும் இயந்திரம் சாய்ந்து அங்கே நின்ற பெண்மணி மேல் விழுகிறது. ஜூரி அவருக்கு 6000 டாலர் கொடுத்தது. 1928-ல் மேல்முறையீட்டில் 4-க்கு 3 என்ற கணக்கில் அது பறிபோனது. ஊழியர்கள் தள்ளியது பொட்டலம் வைத்திருந்தவருக்கு வேண்டுமானால் தப்பாக இருக்கலாம், வெறும் செய்தித்தாள் பொட்டலத்தைப் பார்த்துத் தூரத்தில் நிற்கிற ஒருவருக்கு ஆபத்து என்று யாரும் நினைக்க முடியாது என்றார் நீதிபதி கார்டோசோ. ஆபத்தான செயலைச் செய்தவர் உலகத்துக்கே கடமைப்பட்டவர், எல்லையை எங்கே போடுவது என்பது நடைமுறை சார்ந்த விஷயம் என்று எதிர்த்து எழுதினார் நீதிபதி ஆண்ட்ரூஸ். நடைபாதையில் நின்ற நம் ஆள் அந்தப் பெண்மணியைப் போலத் தூரத்தில் இல்லை, புகை போகிற வழியிலேயே நின்றார். அதைத் தாளில் வரைபடமாகவே போட்டுக் காட்டுங்கள்.

இந்தக் கேள்வியில் சாட்சியம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு சிட்னி துறைமுகத்தைப் பாருங்கள். 1951-ல் வேகன் மவுண்ட் என்ற கப்பலிலிருந்து சிந்திய எரியெண்ணெய் மிதந்துபோய், வெல்டிங் வேலை நடந்த ஒரு கப்பல்துறையை அடைந்து, பிறகு தீப்பிடித்தது. துறையின் சொந்தக்காரர்கள் போட்ட வழக்கு 1961-ல் லண்டன் பிரிவி கவுன்சிலில் (ஆஸ்திரேலிய வழக்குகளும் அப்போது மேல்முறையீட்டுக்குப் போன மன்றம்) தோற்றது, தண்ணீரில் மிதக்கிற அந்த எண்ணெய் தீப்பிடிக்கும் என்று தெரிந்திருக்க முடியாது என்றார்கள். அதே தீயில் சேதமான வேறு கப்பல்களின் சொந்தக்காரர்கள் போட்ட வழக்கில், 1966-ல், அதே லண்டன் பிரிவி கவுன்சில், சிறிய ஆபத்துதான் என்றாலும் கப்பலின் தலைமைப் பொறியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நேர்மாறாகச் சொன்னது. அதே எண்ணெய், அதே தீ. முதல் வழக்கில் துறைக்காரர்களால் "தீப்பிடிக்கும் என்று தெரிந்திருக்கும்" என்று அழுத்திச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அப்படிச் சொன்னால் வெல்டிங் செய்துகொண்டிருந்த அவர்களுடைய ஆட்களுக்கும் தெரிந்திருக்கும் என்றாகிவிடும். இரண்டாவது வழக்கில் அந்தத் தடை இல்லை, வேறு சாட்சியம் வந்தது, வேறு முடிவு வந்தது.

அடிபட்டவரின் உடம்பும் மனமும்

இது சுருக்கம்தான். காலில் அடிபட்டவருக்கு ஏற்கெனவே எலும்பு பலவீனமாக இருந்து, மற்றவருக்கு வீக்கத்தோடு போயிருக்கும் அடி அவருக்கு முறிவாகிவிட்டால், "இவ்வளவு ஆகும் என்று தெரியாது" என்று சொல்ல முடியாது. ஆளை இருக்கிற நிலையிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். 1962-ல் வெளியான ஒரு தீர்ப்பில், உருகிய உலோகம் உதட்டில் தெறித்துச் சுட்ட தொழிலாளிக்கு அந்த இடத்திலேயே புற்றுநோய் வந்து மூன்று வருடத்தில் இறந்தார். உதட்டில் ஏற்கெனவே நோய்க்கு முந்திய நிலை இருந்தது, இருந்தும் முதலாளிதான் பொறுப்பு.

அடியே படாமல், பார்த்த அதிர்ச்சியில் மனம் பாதிக்கப்பட்டவர்களுக்குத்தான் வழி குறுகல். விபத்துச் சத்தத்தைக் கேட்டு, பிறகு சாலையில் ரத்தத்தைப் பார்த்து அதிர்ச்சியான கர்ப்பிணிப் பெண்ணின் வழக்கு 1943-ல் தோற்றது, அவர் ஆபத்து வட்டத்துக்கு வெளியே இருந்தார் என்பதால். பிற்பாடு இங்கிலாந்து நீதிமன்றங்கள், அடிபட்டவரோடு நெருங்கிய பாசம் இருக்க வேண்டும், சம்பவ இடத்திலோ உடனேயோ நேரில் பார்த்திருக்க வேண்டும், தன் கண்ணாலும் காதாலும் அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தன. பார்த்துவிட்டுத் தூக்கம் தொலைத்த வழிப்போக்கருக்கு இது அநியாயமாகத் தோன்றலாம், தோன்றுவதில் தவறும் இல்லை. மருத்துவர் எழுதிக்கொடுக்கிற நோய்ப்பெயர் இல்லாமல் இந்தப் பக்கம் போகாதீர்கள்.

"பொறுப்பற்ற" என்ற சொல்லும் குற்ற வழக்கும்

புகார் எழுதும்போது "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்று ஒரே மூச்சில் எழுதிவிடுவது பழக்கம். இரண்டு நிலைகளைத் தனித்தனியாகப் பாருங்கள். கவனக்குறைவு என்றால், கவனித்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை. பொறுப்பற்ற செயல் என்றால், ஆபத்து தெரியும், தெரிந்தும் துணிந்து செய்தார். 2003-ல் பிரபுக்கள் சபை, 11, 12 வயதுப் பையன்கள் செய்தித்தாள்களைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போய்க் கடைகள் எரிந்த வழக்கில், ஆபத்து அவர்கள் மனதில் உண்மையில் தெரிந்திருந்ததா என்றுதான் பார்க்க வேண்டும் என்றது. அதனால்தான் "காத்து இப்படி அடிக்குது, இப்ப வேண்டாம்" என்று ஒருவர் சொன்னதை முதலிலேயே எழுதினேன். அந்த ஒரு வாக்கியம் தீ வைத்தவரைக் கவனக்குறைவிலிருந்து பொறுப்பற்ற செயலுக்குத் தள்ளிவிடுகிறது. அமெரிக்கச் சட்ட அறிஞர்கள் தொகுத்த விதிகளில், தெரிந்தே துணிந்தவர் இன்னும் விரிந்த எல்லை வரை விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்றே இருக்கிறது.

ஆனால் குற்ற வழக்கு வேறு தராசு. இழப்பீட்டு வழக்கில் எந்தப் பக்கம் அதிக சாத்தியம் என்று பார்த்தால் போதும், குற்ற வழக்கில் நியாயமான சந்தேகமே மிஞ்சக்கூடாது. காரணத் தொடர்பும் இறுகிவிடும். இந்திய உச்ச நீதிமன்றத்தின் குர்பான் உசேன் வழக்கு இதற்குத் துல்லியமான உதாரணம். ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் அனுமதியில்லாத இடத்தில் அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. ஒரு ஊழியர் சூடு ஆறாத பிட்டுமினில் (தாரில்) அவசரப்பட்டு டர்பன்டைன் ஊற்ற, பொங்கித் தீப்பிடித்து 7 தொழிலாளர்கள் இறந்தார்கள். நிர்வாகி அடுப்பை அனுமதித்தது தொலைவான காரணம்தான், நேரான, வேறொருவரின் குறுக்கீடு இல்லாத காரணம் இல்லை என்று, மரணத்துக்கான தண்டனை நீக்கப்பட்டது. நெருப்பைக் கவனமில்லாமல் கையாண்ட குற்றம் மட்டும் நின்றது. ஆகவே குற்ற வழக்கில் விடுதலை என்ற செய்தியைக் கேட்டு இழப்பீட்டு வழக்கைக் கைவிட்டுவிடாதீர்கள், இரண்டும் வேறு கேள்விகளுக்குப் பதில் தேடுகின்றன.

எப்போதும் இப்படித்தான் என்றும் இல்லை. சாலையில் கார்ப் பந்தயம் ஓடிய இருவரில் ஒருவர் தன் அவசரத்தில் லாரியில் மோதி இறந்தபோது, பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் 1961-ல் மற்றவரை உள்நோக்கமில்லாமல் மரணம் விளைவித்த குற்றத்திலிருந்து விடுவித்தது. அயோவாவில் 1982-ல் வந்த வழக்கில், பந்தயத்தில் ஒருவர் கட்டுப்பாட்டை இழந்து எதிரே வந்த காரில் மோதி, அவரும் அந்தக் காரில் இருந்த 6 வயதுக் குழந்தையும் இறந்தார்கள். மற்ற பந்தயக்காரரின் கார் எதன்மேலும் உரசக்கூட இல்லை. இருந்தும் இரண்டு மரணத்துக்கும் அவர் குற்றவாளி என்ற தீர்ப்பு நிலைத்தது. பந்தயத்தில் விரும்பிச் சேர்ந்தவரின் மரணத்தில் நீதிமன்றங்கள் பிரிந்து நிற்கின்றன, சம்பந்தமே இல்லாத குழந்தையின் மரணத்தில் கையை விரிப்பது அவர்களுக்கும் கஷ்டம்.

சட்டத்தின் சொல்லைப் படியுங்கள்

வாகனம் சம்பந்தப்பட்டிருந்தால் உங்கள் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் என்ன சொல் இருக்கிறது என்று பாருங்கள். வாகனத்தால் "விளைந்த" காயமா, வாகனத்தின் உபயோகத்திலிருந்து "எழுந்த" காயமா? இரண்டாவது அகலமானது. இந்தியாவில் 1987-ல் பெட்ரோல் டேங்கர் ஒன்று லாரியோடு மோதிக் கவிழ்ந்தது. பெட்ரோல் கசிந்தபடி கிடந்து, சுமார் நான்கு மணி நேரம் கழித்து வெடித்தது, அங்கே கூடியிருந்தவர்கள் எரிந்து இறந்தார்கள். ஓடாமல் கிடந்த வண்டிக்கு என்ன "உபயோகம்" என்று வாதாடினார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் மோதலும் கசிவும் வெடிப்பும் ஒரே தொடர்தான் என்று, இறந்தவரின் குடும்பத்துக்குத் தப்பு யாருடையது என்று பார்க்காமலே கொடுக்கிற உடனடி இழப்பீடு உண்டு என்றது. அந்த ஒரு சொல்தான் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது.

இனி கையால் செய்ய வேண்டியது

சிசிடிவி பதிவு சில நாளிலோ வாரங்களிலோ தானாக அழிந்துவிடும், ஆகவே சுற்றுவட்டாரக் கேமராக்காரர்களிடம் அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். சாம்பல் கிடந்த இடம், டயர் தடம், நடைபாதை மூன்றும் ஒரே படத்தில் வருகிற மாதிரி ஒரு படமாவது எடுங்கள், ஒவ்வொன்றையும் கிட்டே போய் எடுத்த படங்களில் தூரம் தெரியாது. அன்றைய காற்றின் வேகமும் திசையும் வானிலைத் துறையின் பதிவில் இருக்கும், அதை வாங்கி வையுங்கள். மருத்துவமனையில் முதலில் எழுதுகிற குறிப்பில் "வண்டி மோதி" என்று மட்டும் போட்டிருந்தால் புகையையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், பின்னால் அந்த முதல் குறிப்பைத்தான் நீதிமன்றத்தில் வாசிப்பார்கள். காப்பீட்டுக்காரர் முதல் வாரத்தில் கொண்டுவருகிற "முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், கால் எவ்வளவு தேறும் என்று மருத்துவருக்கே அப்போது தெரியாது. வழக்குப் போடக் கெடு உண்டு, அது நாட்டுக்கு நாடு வேறு, வழக்குக்கு வழக்கு வேறு, ஆகவே வக்கீலிடம் கேட்கிற முதல் கேள்வி அதுவாக இருக்கட்டும்.

அப்புறம், "இப்ப வேண்டாம்" என்று சொன்ன அந்தப் பக்கத்து ஆள். அவர் தீ வைத்தவருக்கு நாளைக்கும் பக்கத்து ஆள்தான், நாள் ஆக ஆகத் தயங்குவார், "அப்படி ஒண்ணும் சொன்ன ஞாபகம் இல்லை" என்பார். அவரை மிரட்டாமல், கெஞ்சாமல், போய் உட்கார்ந்து, என்ன சொன்னார், எத்தனை மணிக்கு, அதற்குத் தீ வைத்தவர் என்ன பதில் சொன்னார் என்று அவர் கையாலேயே எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கி வந்துவிடுங்கள். இன்றைக்கே போங்கள்.